மொட்டைக் கோபுரத்துக் கடிதம்

கேஸைக் கொடுக்கும்போதே தீர்ப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடும் கட்சிக்காரர்களை ரெமிக்கு மிகவும் பிடிக்கும். வேலை மிச்சம். அந்த வகையில் வெர்லான்கூர் நகரசபையின் கலாசாரத் துணை மேயர் மதாம் சபீன் ரோஷார் ஒரு தங்கமான கட்சிக்காரர்.

காலை பத்தரை மணிக்கு அவருடைய அறையில் திரைகளை இழுத்துவிட்டு, புரொஜெக்டரைப் போட்டு, சுவரில் ஒரு பழைய கடிதத்தைப் பெரிதாகக் காட்டினார். பழுப்பேறிய தோல் ஏடு, கொக்கி கொக்கியாக எழுத்து, அடியில் எல்லோருக்கும் புரியும்படி இன்றைய பிரெஞ்சில் அதன் அர்த்தம். எழுதியவர் பேராலயத்தைக் கட்டிய தலைமைக் கல்தச்சர் ஜெர்வே என்றும், வருஷம் 1262 என்றும் கடிதமே சொல்லிக்கொண்டது.

"படிச்சுப் பாருங்க" என்றார் சபீன். "ஊரையே முட்டாளாக்கின கடிதம்."

துப்பறியும் நிபுணர் ஆர்மேல் மாக்கே மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். ஐம்பத்தாறு வயது, குள்ள உருவம், வலது முழங்காலில் வாதம். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், வைக்கோல் கிடங்கு தானாகப் பற்றிக்கொண்டது என்று சத்தியம் செய்த விவசாயிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பொய்யின் வாசனையைக் கற்றுக்கொண்டவள். உதவியாளன் ரெமி கோத்ரோன் கடிதத்தைப் படிக்கவில்லை. அவன் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவளிடம் வந்து சேருவதற்கு முன் கல்யாண வீடுகளில் பாட்டும் படமும் போட்டுக்கொண்டிருந்தவன் அவன். இந்தப் புரொஜெக்டருக்கு முன்கால் ஒடிந்திருந்தது. படம் நேராக விழுவதற்காக, தடித்த பழுப்பு உறை ஒன்றை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். உறையின் மேல் பச்சை மையில் யாரோ அழகாக விலாசம் எழுதியிருந்தார்கள். இவ்வளவு பெரிய நகரசபைக்கு ஒரு கால் வாங்கிப் போட நாதியில்லையா என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சபீன் விஷயத்தைச் சுருக்கமாகவே சொன்னார். பேராலயத்தின் தெற்குக் கோபுரம் கூர்முனையோடு வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. வடக்குக் கோபுரம் எழுநூற்றைம்பது வருஷமாகப் பாதியில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு மொட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மொட்டைக்கும் முடி முளைக்க வைக்க வேண்டும் என்று ஊரில் ஒரு கோஷ்டி ரொம்ப நாளாகக் கேட்டுவருகிறது. அஸ்திவாரம் தாங்குமா என்பதுதான் தகராறு. தாங்கும், பாறை வரைக்கும் தோண்டிப் போட்டிருக்கிறேன் என்று கல்தச்சர் ஜெர்வே தன் கையால் எழுதிய கடிதம் ஆகஸ்டில் ஆவணக்கூடத்துப் பெட்டி ஒன்றிலிருந்து வெளியே வந்தது. ஊரே கொண்டாடியது. போன வாரம் பாரிஸிலிருந்து வந்த நிபுணர், தோல் பழசு, மை இந்த வருஷத்து மை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஆவணக்கூடத்துச் சாவி இருபத்தாறு வருஷமா ஒதில் பிரூனே கையில இருக்கு" என்றார் சபீன். "அந்தக் காலத்து எழுத்தை எழுதத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல அவங்க ஒருத்தர்தான். மொட்டையைக் கட்டி முடிக்கணும்னு நாலு கட்டுரை வேற எழுதியிருக்காங்க. யாருன்னு எல்லாருக்கும் தெரியும். எப்படின்னு மட்டும் ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. மூணு மணிக்கு ஆலய நிர்வாகக் குழு கூடுது. அங்கே வாசிச்சதும் அவங்களை வேலையை விட்டு எடுத்துட்டு போலீஸ்ல ஒப்படைச்சுடுவாங்க. அதுக்கு முன்னாடி மதியச் சாப்பாடு என்னோட."

லீக் கீரையும் பாலாடையும் வைத்துச் சுட்ட ஃப்லமிஷ், பிறகு ஆட்டுக்கறி, கடைசியில் ஆப்பிள் பணியாரம் என்று ரெமி மனசுக்குள் இலை போட்டுவிட்டான்.

"கடிதத்தை மதாம் ஒதில் பார்த்தாங்களா?" என்று ஆர்மேல் கேட்டாள்.

"எதுக்குக் காட்டணும்? எழுதினவங்களுக்கே தெரியாதா? கிடைச்ச நாள்லேர்ந்து கடிதம் என் பெட்டகத்துலதான் இருக்கு, ஊருக்கு வெளியிட்டது அஸ்திவாரத்து வரிகளை மட்டும்தான்."

ஆர்மேல் சிரித்துக்கொண்டே ஒரு நகல் வாங்கிப் பையில் வைத்தாள். படி இறங்கும்போது, "சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குன்னு கேக்காம வந்துட்டோமே" என்று ரெமி ஞாபகப்படுத்தினான்.

"குற்றம் சாட்டப்பட்டவங்ககிட்ட சாட்சியைக் காட்டாத ஊர்ல எனக்குச் சாப்பாடு இறங்காது" என்றாள் அவள்.

"எனக்கு நல்லா இறங்கும், மேடம். வேணும்னா உங்க பங்கையும் நானே பாத்துக்கறேன்."

* * *

ஆவணக்கூடம் பேராலயத்தின் தென்புறத்து ஓரத்தில் இருந்தது. ஒதில் பிரூனே உயரமான, ஒல்லியான பெண்மணி. மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் இரண்டு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிப் போயிருந்தது. சின்னச் செடித் தொட்டி ஒன்றை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் ரெமிக்கு வாயில் வந்த ஜோக் உள்ளேயே போய்விட்டது.

ஆர்மேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நகலை நீட்டினாள்.

ஒதில் படித்தாள். பாதி வரைக்கும் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு காது மடல் சிவந்தது. இதைச் செய்தது யாரோ, அவர்கள் மீது கோபம் வந்துவிட்டது என்றுதான் ரெமி நினைத்தான்.

"என்னைத் திருடின்னு சொல்லட்டும், பரவாயில்லை" என்றாள் ஒதில். "இதை நான் எழுதினேன்னு சொல்றாங்களா? இதையா?"

அவள் விரல் வைத்த இடத்தில் இப்படி இருந்தது: 'கல் விதானத்தின் கடைசிக் கல்லை வைத்த அன்று மழை பெய்து புதுக் கல்லை நனைத்தது. ஈரம் காய்ந்த பிறகே தச்சர்களை மேலே அனுப்பிக் கூரை போடச் சொன்னேன்.'

ரெமி இரண்டு தரம் படித்தான். "சரியாத்தானே இருக்கு? என் மச்சான் வீடு கட்டும்போது அப்படித்தான். முதல்ல தளம் போட்டாங்க. அப்புறம் மேல கூரை."

"உங்க மச்சான் வீட்டுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினாலு மாசம்."

"இதுக்குப் பதினாலு மாசம் இல்லை, தம்பி" என்றாள் ஒதில். பிறகு பாடம் எடுக்கிற தொனியில் இல்லாமல், அடுப்பங்கரை வேலையைச் சொல்வதுபோல விவரித்தாள். சுவர் எழும்பியதும் முதலில் மரக்கூரையைத்தான் போடுவார்கள். விதானம், அதாவது உள்ளே அண்ணாந்தால் தெரிகிற கல் வளைவு, அதற்குப் பல வருஷம் கழித்து, கூரை நிழலில், நனையாமல் நடக்கிற வேலை. சுண்ணாம்பு இறுகுவதற்கு முன் மழை பட்டால் மொத்தமும் கொத்தனார் தலையிலேயே இறங்கிவிடும். இந்த நாட்டில் எந்தக் கல்தச்சனும் தலைகீழாகச் செய்யவே மாட்டான்.

"இதை நீங்க இப்ப சொன்னா தப்பிக்கறதுக்காகச் சொல்றீங்கன்னுவாங்க" என்றாள் ஆர்மேல்.

"நான் சொல்ல வேண்டாம். மேலே போய்ப் பாருங்க. சக்கரம் சொல்லும்."

* * *

மேலே போவதற்கு இருநூற்றுப் பதினொரு படிகள். தொண்ணூறாவது படியில் ரெமி, அந்தக் காலத்தில் கல்தச்சர்களுக்குச் சாப்பாடு மேலேயே அனுப்பியிருப்பார்களா என்று விசாரித்தான். நூற்றைம்பதில் பேச்சு நின்றது. வாதக்காலோடு ஆர்மேல் அவனுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள்.

கூரைக்கும் விதானத்துக்கும் நடுவே ஒரு பெரிய இருட்டுக் கூடம். கீழே நின்று பார்த்தால் அழகாக வளைந்து தெரிகிற கல் விதானம், மேலேயிருந்து பார்க்கையில் கவிழ்த்து வைத்த சட்டிகளின் முதுகாகத் தெரிந்தது. அதற்கு மேலே, காடு போல ஓக் மர உத்தரங்கள். அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது சக்கரம். இரண்டு ஆள் உயரம். உள்ளே ஆள் நின்று நடந்தால் சுற்றும், கயிறு ஏறும். விதானத்தின் நடுவே கிணற்று வாய்போல ஒரு வட்ட ஓட்டை, பலகையால் மூடியிருந்தது.

ஆர்மேல் பலகையை நகர்த்தினாள். நாற்பது மீட்டருக்குக் கீழே மெழுகுவர்த்திக்காரி ஒருத்தி எறும்பாக ஊர்ந்தாள்.

"கயிறு இந்த ஓட்டை வழியா இறங்கியிருக்கு. விதானத்துக் கல்லெல்லாம் இந்தச் சக்கரத்தால ஏறினது" என்றாள். "சக்கரம் எது மேல உட்கார்ந்திருக்கு, ரெமி?"

"உத்தரத்து மேல."

"உத்தரம் எதோட சேர்ந்தது?"

ரெமி மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "கூரையோட. கூரை இல்லாம சக்கரம் இல்ல, சக்கரம் இல்லாம விதானம் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "மச்சான் வீட்டை எதுக்கும் இன்னொரு தடவை செக் பண்ணச் சொல்லணும்."

ஆர்மேல் ஒரு உத்தரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். "இப்ப பாரு. கடிதம் போலின்னு தெரிஞ்சதும் எல்லாரும் ஒதிலைக் கைகாட்டினாங்க. ஏன்? இதெல்லாம் தெரிஞ்சவ அவ ஒருத்திதான்னு. ஆனா எழுதின ஆளுக்கு அரிச்சுவடியே தெரியலை. பழைய எழுத்தைப் பாத்துப் பாத்து வரைஞ்சிடலாம். கட்டின முறையை வரைய முடியாது."

"வேணும்னே தப்பா எழுதியிருந்தா? மாட்டிக்கிட்டா தப்பிக்கறதுக்கு?"

"அப்படின்னா முதல் நாளே கத்தியிருப்பா. அவ இன்னிக்குத்தான் கடிதத்தையே பாக்கறா." ஆர்மேல் நகலை எடுத்து மறுபடி பார்த்தாள். "எனக்கு இடிக்கிறது இந்த மழைதான். அஸ்திவாரத்தைப் பத்தின கடிதத்துல மழை எதுக்கு வந்தது? தெரியாதவன் தெரியாத விஷயத்தைத் தானா எழுத மாட்டான். எங்கேயோ பாத்திருக்கான்."

ரெமி சட்டென்று தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "மேடம், இந்த மழையில நான் ஏற்கெனவே நனைஞ்சிருக்கேன்."

அவள் நிமிர்ந்தாள். ரெமி சொன்னான். ஒவ்வொரு கோடையிலும் பேராலயத்து முகப்பில் 'கல்லின் கனவு' என்று ஒளிக்காட்சி போடுவார்கள். கட்டடம் அடியிலிருந்து முளைக்கிற மாதிரி படம் விழும். விதானம் மூடியதும் இடி இடிக்கும், குழாய் வைத்துக் கூட்டத்தின் மேல் நிஜமாகவே தண்ணீர் தெளிப்பார்கள், குழந்தைகள் குதிக்கும். அப்புறம்தான் கூரை வரும். போன வருஷம் அதில் அவனுடைய புது மான்தோல் ஜாக்கெட் பாழாய்ப் போயிருந்தது.

"அதை எழுதினது யாரு?"

"கடைசியில பேர் போட்டாங்களே. புகார் குடுக்கறதுக்காக மனப்பாடம் பண்ணினேன்." ரெமியின் குரல் இறங்கிவிட்டது. "எழுத்து, இயக்கம், சபீன் ரோஷார். மேடம், நம்ம மதியச் சாப்பாடு."

* * *

அவர்கள் கீழே இறங்கி வந்தபோது ஒதில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆர்மேல் இரண்டே கேள்வி கேட்டாள். கடிதம் வெளிவந்த பெட்டி அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது? கோடைக் கண்காட்சிக்காக மூன்று மாதம் நகரசபையில் இருந்தது என்றாள் ஒதில். பெட்டிக்குள் எழுதாத ஏடுகளும் சில உண்டு. அடுத்த கேள்வி: ஒளிக்காட்சியில் தப்பு இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

ஒதிலுக்கு இரண்டாவது கேள்விதான் சுட்டது. "ரெண்டு வருஷம் முன்னாடி முதல் காட்சி போட்ட மறுநாளே எழுதினேன். பதினாலு பக்கம். எல்லாத்தையும் விளக்கி, படம் போட்டு, பதிவுத் தபால்ல அனுப்பினேன். பதிலே வரலை. ரொம்ப நீட்டி எழுதி அவங்களைக் கஷ்டப்படுத்திட்டேனோன்னு இருந்தது. அப்புறம் நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப் போகலை."

"நகல் இருக்கா?"

"கையால எழுதினது. நகல் எடுக்கலை."

ரெமி மேஜையைப் பார்த்தான். அட்டைப்பெட்டியின் மேல் ஒதில் 'உடையும்' என்று எழுதியிருந்தாள். பச்சை மை. அழகான எழுத்து.

அவன் வாயைத் திறந்தான். ஆர்மேல் அவன் காலை மிதித்தாள். வாசலுக்கு வந்ததும்தான் பேசவிட்டாள். அவன் சொன்னதைக் கேட்டதும் பையிலிருந்து சோம்பு மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். போய் எடுத்துவந்துவிடட்டுமா என்று அவன் கேட்டதற்கு, தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். இவர்கள் எடுத்துவந்தால் இவர்களே ஒட்டிக்கொண்டு வந்ததாகப் பேச்சு வரும். அது தானாக வர வேண்டும்.

"உறை எப்படி மேடம் தானா வரும்?"

"அந்தக் கடிதத்தைச் சுவத்துல பெருசாக் காட்டறதுல அந்தம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம்னு பாத்தியா? கூட்டத்துல காட்டாம இருப்பாங்களா?" என்றாள் ஆர்மேல். "புரொஜெக்டருக்குக் கால் முளைக்கலைன்னா உறையும் கூடவே வரும்."

மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் போகவில்லை. சந்தை ஓரத்துக் கடையில் ரெமி ஒரு ஃப்லமிஷ் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டான். மணி மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

* * *

நிர்வாகக் குழுவின் கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர் ஃபாதர் ஒனோரே. எண்பது வயது, காது சுமார். ஓரத்தில் தனி நாற்காலியில் ஒதில். மேஜை மேல் புரொஜெக்டர். ரெமி முதலில் பார்த்தது அதன் அடியைத்தான். பழுப்பு உறை பத்திரமாக இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

சபீன் ஜெர்வேயின் கடிதத்தைச் சுவரில் போட்டுவிட்டு, துப்பறிபவரின் அறிக்கையை இப்போது கேட்கலாம் என்றார்.

ஆர்மேல் எழுந்து அறிக்கை எதையும் எடுக்கவில்லை. கடிதத்தில் மழை பற்றிய இரண்டு வரியை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, சக்கரத்தைப் பற்றிச் சொன்னாள். ஃபாதர் ஒனோரே புருவத்தை உயர்த்தினார். குழுவில் எல்லோரும் அஸ்திவாரம் பற்றிய வரிகளைத்தான் படித்திருந்தார்கள், மழையை யாரும் கவனிக்கவில்லை. கூரைதான் முதலில், சின்னப் பையனாக மணியடிக்கப் போன காலத்திலிருந்தே தனக்குத் தெரியும் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

"இதே தப்பு இந்த ஊர்ல இன்னொரு இடத்துல இருக்கு" என்றாள் ஆர்மேல். "மதாம் சபீனோட ஒளிக்காட்சியில. அங்கேயும் விதானம், மழை, அப்புறம் கூரை."

கூட்டத்தில் சலசலப்பு. சபீன் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. பரிதாபப்படுகிற முகத்தோடு ஒதிலைப் பார்த்தார். ரெமிக்கு அந்த முகம் மறக்கவே மறக்காது.

"இதை நான் சொல்லவேண்டாம்னு இருந்தேன்" என்றார் சபீன். "அந்தக் காட்சியில எது முதல், எது அப்புறம்னு எல்லாத்தையும் சொன்னது ஒதில்தான். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு நீளமா ஒரு கடிதம் எழுதினாங்க. அதை வரிக்கு வரி படிச்சு, அவங்க சொன்னபடியே செஞ்சேன். அப்ப தப்பு யாரோடது? காட்சியிலயும் கடிதத்துலயும் ஒரே தப்பு இருந்தா, ரெண்டும் ஒரே ஆளோடதுதானே?"

கேட்பதற்கு அது அவ்வளவு நியாயமாக இருந்தது. ஒன்பது தலைகளும் ஒதில் பக்கம் திரும்பின. ஒதில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். தன்னுடைய பதினான்கு பக்கத்தையே தனக்கு எதிராகத் திருப்புவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"வரிக்கு வரி படிச்சீங்க?" என்று ஆர்மேல் கேட்டாள்.

"ரெண்டு தடவை."

"ரொம்ப நல்லது. ரெமி, அந்தப் புரொஜெக்டரைக் கொஞ்சம் தூக்கு."

ரெமி தூக்கினான். சுவரில் ஜெர்வேயின் கடிதம் ஒரு பக்கமாகச் சரிந்து கூரைக்கு ஓடியது. அடியிலிருந்த உறையை எடுக்காமல், விரலால் ஃபாதர் ஒனோரேயின் பக்கம் தள்ளினான். கை வலித்ததால், தன் ஃப்லமிஷ் பெட்டியை அந்த இடத்தில் முட்டுக் கொடுத்துப் புரொஜெக்டரை இறக்கினான். அன்றைக்கு அவன் செய்த பெரிய தியாகம் அதுதான்.

ஃபாதர் ஒனோரே உறையைக் கண்ணருகே கொண்டுபோனார். பச்சை மையில் சபீனின் விலாசம். பின்பக்கம் ஒதிலின் பெயர். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தபால் முத்திரை. வாய் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது, மேலே பதிவுத் தபாலின் காகித முத்திரைகூடக் கிழியாமல்.

சபீன் உறையைப் பார்த்தார். அது அங்கே இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது என்று ரெமிக்குப் பட்டது. இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்து, பார்க்காமல் போன சாமான்.

ஃபாதர் பேனாக்கத்தியால் உறையைக் கீறி முதல் பக்கத்தை எடுத்து, காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் வாசித்தார்:

"மதிப்பிற்குரிய மதாம், தங்கள் காட்சி கண்ணுக்கு விருந்து. ஆனால் அதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. முதலில் கூரை. விதானம் அதற்குப் பிறகுதான். புது விதானத்தின் மேல் ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்க முடியாது."

ஃபாதர் அந்தப் பக்கத்தை மேஜை மேல் வைத்தார். பிறகு சபீன் உட்கார்ந்தார். மொட்டையை முடித்துவைத்தவள் என்று கல்லில் என் பெயர் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்றார். யார் கேட்டும் அல்ல, தானாகவே சொன்னார். ஒதிலைப் பார்த்து மட்டும் அவர் சொல்லவில்லை.

* * *

கூட்டம் கலைந்த பிறகு ஆர்மேல் ஃபாதரோடு உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒதிலின் கையைக் குலுக்கிவிட்டு, சீக்கிரமாகக் கிளம்பினார்கள். அட்டைப்பெட்டிகளை ரெமி திரும்பத் தூக்கிக்கொண்டுபோய் மேஜையருகே வைத்தான். செடித் தொட்டி ஜன்னலுக்குப் போனது.

ஒதிலுக்குச் சந்தோஷம் இன்னும் வந்து சேரவில்லை. "திறக்கவே இல்லை பாருங்க" என்றாள். குற்றவாளி என்று பேர் வாங்கிய வாரம் முழுவதும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று ரெமிக்குத் தோன்றியது.

"மீதிப் பக்கத்தை நான் படிக்கலாமா?" என்று கேட்டான்.

அவள் கொடுத்தாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்து படித்தான். சாரம் கட்டின விதம், சக்கரம், குளிர்காலத்தில் பாதிச் சுவரை வைக்கோல் போட்டு மூடி வைத்தது என்று எல்லாம் இருந்தது. பதிமூன்றாம் பக்கத்தில் வடக்குக் கோபுரம். தோண்டின குழியில் ஊற்று பீறிட்டதாம். ஜெர்வே மூன்று கோடை போராடிவிட்டு, இந்த மண் தாங்காது என்று தானே நிறுத்திவிட்டாராம். பதினான்காம் பக்கம் சின்னது.

'நானும் இந்தக் கோபுரத்தை முடிக்க வேண்டும் என்று நாலு கட்டுரை எழுதியவள். இந்த விவரத்தைப் போன குளிர்காலத்தில்தான் கண்டுபிடித்தேன். அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். முடியாது என்று தெரிந்ததும் நிறுத்தத் தெரிந்தவன் பெரிய கல்தச்சன். தயவுசெய்து மொட்டையை மொட்டையாகவே விட்டுவிடுங்கள். இதை நேரில் விளக்க எந்த நாளும் வருவேன்.'

ரெமி நிமிர்ந்து பார்த்தான். மொட்டைக் கோபுரத்தின் மேல் புறாக்கள் உட்கார்ந்திருந்தன. ஒதில் கதவருகே வந்து நின்றாள்.

"முழுசும் படிச்சீங்களா?"

"முழுசும்."

"ரொம்ப நீளமோ?"

வாயில் எப்போதும் தயாராக இருக்கிற ஜோக் ஒன்றுகூட வரவில்லை. "இல்லைங்க" என்றான் ரெமி. "இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம்."

ஒதில் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். ஐந்தாம் பக்கத்தில் சக்கரத்தை அவசரத்தில் சின்னதாக வரைந்துவிட்டேன் என்று சொல்லி, பச்சைப் பேனாவை எடுத்து, விட்டுப்போனதைச் சொல்ல ஆரம்பித்தாள்.